ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு?

நவம்பர் நெருங்கிவிட்டால் போதும், பத்திரிகைகளில் வெள்ளச் செய்திகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். எத்தனை துயர் துடைப்பு மையங்கள் தயார், எத்தனை படகுகள் தயார், எவ்வளவு அரிசி கையிருப்பில் இருக்கிறது என்று அமைச்சர்களும் அதிகாரிகளும் கணக்குச் சொல்வார்கள். சொல்லட்டும், அது அவர்கள் கடமை. ஆனால் எந்த ஆண்டும் அந்த வரிசையில் சேராத ஒரு கணக்கு உண்டு. தோட்டத்து லயங்களில் எத்தனை கூரைகள் இந்த மழையைத் தாங்கும் நிலையில் இருக்கின்றன என்ற கணக்குத்தான் அது.

"லயம்னா ஒழுகத்தான் செய்யும், நாலு வாளியை எடுத்து வெச்சாப் போச்சு" என்று சொல்வது நம் மக்களிடையே ஒரு பழக்கமாகவே போய்விட்டது. பாட்டன் காலத்து அத்தாப்புக் கூரை ஒழுகியது. அப்பன் காலத்துத் தகரமும் ஒழுகியது. அதனால் மகன் காலத்திலும் ஒழுக வேண்டுமா? ஒழுகுவது கூரையின் குணம் அல்ல தோழர்களே. பழுது பார்க்காமல் விட்டதன் பலன் அது. பழுது பார்க்கும் கடமை யாருடையது என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மழை இப்போது கிழக்குக் கரைக்கு மட்டும் சொந்தமல்ல

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். கிளந்தான், திரெங்கானு, பகாங், ஜொகூர் ஆகிய மாநிலங்கள் அதில் அதிகம் அடிபடும். 'அது அவங்க பக்கத்து மழை, நமக்கென்ன' என்று சிலாங்கூர், பேராக், கெடா தோட்டத்து மக்கள் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நினைப்பு இனி உதவாது.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. கோத்தா திங்கி பட்டணமே மூழ்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தின்போது நாடு முழுவதும் இடம் பெயர்ந்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். 2021 டிசம்பரில் நடந்ததோ யாரும் எதிர்பாராதது. மேற்குக் கரையில், சிலாங்கூரில், ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரை மேல் ஏறி உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்குப் போட்டது.

பெருவெள்ளம் வராத ஆண்டிலும் நமக்கு ஆபத்து இல்லாமல் இல்லை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்தில் இடியோடு கூடிய பேய்மழை கொட்டும். மே முதல் செப்டம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து அடிக்கும் 'சுமத்திரா' காற்று வேறு. பெரட்டுக்குப் போகும் நேரத்தில் தகரம் பறந்த கதை கடலோரத் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, கூரையைப் பார்ப்பது ஏதோ ஒரு மாநிலத்து வேலை, ஏதோ ஒரு மாதத்து வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று இந்த நாட்டில் 1966லேயே ஒரு சட்டம் வந்தது. பிறகு 1990ல் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 446வது சட்டம் என்று லேபர் ஆபீசில் சொல்வது இதைத்தான். 2019ல் இதைத் திருத்தினார்கள். திருத்தம் 2020 ஜூன் 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் நடைமுறைக்கு வந்தது. தரத்தைக் காக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு.

இந்தச் சட்டத்தில் நாம் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில், பழுது பார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை. 'மானேஜர் மனசு வெச்சா செய்வாரு' என்ற பேச்சுக்கே இங்கு இடம் இல்லை. நல்ல மானேஜர் என்றால் சீக்கிரம் செய்வார், மோசமான மானேஜர் என்றால் இழுத்தடிப்பார். ஆனால் இருவருக்கும் கடமை ஒன்றே. கூரைத் தகரத்தைச் சலுகையாகக் கேட்டுக் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. பாத்தியதையாகக் கேட்கலாம்.

அப்படியானால் ஏன் செய்வதில்லை? காரணங்களை நாம் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

முதல் காரணம், பழைய லயம். 'இந்த லயத்தை எப்படியும் இடிக்கப் போகிறோம், இதில் எதற்குப் பணம் போட வேண்டும்' என்று நிர்வாகம் நினைக்கிறது. இடிக்கப் போவதாகச் சொல்லிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். அந்தப் பத்து வருஷமும் மழை பெய்யாமலா இருந்தது?

இரண்டாவது காரணம், நிலம். தோட்டம் மேம்பாட்டுக்குப் போகும் என்ற பேச்சு அடிபட ஆரம்பித்தவுடனே பழுது வேலைக்கான கணக்குப் புத்தகம் மூடப்பட்டுவிடும். கூரை கெட்டால் ஜனங்கள் தாமாகவே வெளியேறிவிடுவார்கள் என்று சில இடங்களில் கணக்குப் போடுகிறார்கள். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் நடப்பதைப் பார்த்தால் புரியும்.

மூன்றாவது காரணம், நாம் கேட்கும் முறை. கிராணியிடம் வாயால் சொல்கிறோம். கிராணி 'சரி பார்க்கலாம்' என்கிறார். அடுத்த மழையில் மறுபடி சொல்கிறோம். வாயால் சொன்னது காற்றோடு போகிறது. பேராக்கில் ஒரு தோட்டத்தில் நாம் நேரில் கண்டது இது. மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன மக்கள், கடைசியில் வீட்டு எண் வாரியாகப் பட்டியல் எழுதி, படம் எடுத்து ஒட்டி, மானேஜரிடம் ஒரு பிரதி, லேபர் ஆபீசுக்கு ஒரு பிரதி என்று கொடுத்தார்கள். மூன்று வருஷம் வராத தகரம் அந்த மழைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. மானேஜர் மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. கேட்ட விதம்தான் மாறியது.

ஒரு சின்னக் கணக்கு

'கூரை மாற்றப் பணம் ஏது' என்று நிர்வாகம் கேட்டால், நாமும் ஒரு கணக்குக் காட்டலாம். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. இரவு முழுக்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை மூலையில் ஒதுக்கி உட்கார்ந்திருந்த தொழிலாளி, விடியற்காலையில் எப்படிப் பெரட்டுக்குப் போவான்? ஒரு லயத்தில் பத்துப் பேர் ஒரே ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் 653 வெள்ளி 80 காசு போகிறது. வெட்டாமல் விட்ட பாலும், அறுக்காமல் விட்ட குலையும் நிர்வாகத்தின் நஷ்டம். இதற்கு மேல் பிள்ளையின் காய்ச்சலும், நனைந்துபோன பள்ளிப் புத்தகமும் இருக்கின்றன. அவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்தில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. கையில் காசு இல்லாத மாதம் அதுதான், கூரை ஒழுகும் மாதமும் அதுதான். குடும்பத் தலைவன் தன் பையிலிருந்து எடுத்துத் தகரம் வாங்கட்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

வீட்டைப் பார்வையிடுவது எப்படி?

புகார் எழுதுமுன் நம் வீட்டின் நிலை நமக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கூரை மேல் ஏறத் தேவையில்லை. வெயில் நன்றாக அடிக்கும் மத்தியான நேரத்தில் கதவு, சன்னலை மூடிவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் ஊசி முனை போலத் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. அதற்கு நேர் கீழே சுவரிலோ தரையிலோ சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கூரைக்குக் கீழே பலகைத் தட்டு அடித்திருந்தால் அதில் பழுப்பு நிற வட்டம் வட்டமாகக் கறை தெரியும். அது பழைய ஒழுகல். கறையின் ஓரம் ஈரமாக இருந்தால் ஒழுகல் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம்.

தகரக் கூரை ஏன் ஒழுகுகிறது? பகல் வெயிலில் தகரம் விரிகிறது. மாலை மழையில் சட்டென்று சுருங்குகிறது. தினம் தினம் இப்படி நடப்பதால் ஆணித் துளை பெரிதாகிறது. ஆணிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. பெரும்பாலான ஒழுகல் தகரத்தின் நடுவில் இருக்காது, ஆணி இருக்கும் இடத்தில்தான் இருக்கும். ஆணியை நெளியின் மேட்டில் அடிக்க வேண்டும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்தால் அது ஒழுகாமல் என்ன செய்யும்? வேலைக்கு வரும் காண்ட்ராக்டர் ஆள் அவசரத்தில் பள்ளத்தில் அடித்துவிட்டுப் போவதுண்டு. நின்று பார்த்து, 'அண்ணே, மேட்டுல அடிங்க' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. வெறும் ஆணியை விட வாஷர் வைத்த திருகாணி காற்றுக்கு நன்றாகத் தாங்கும்.

காற்று கூரையை எங்கிருந்து தூக்குகிறது என்பதையும் கவனியுங்கள். திறந்த கதவு, சன்னல் வழியாக உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. மேலே ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கிறது. முதலில் கிளம்புவது ஓரத் தகரமும் முகட்டுத் தகரமும்தான். ஆகவே பழுது வேலையில் ஓரத்தையும் முகட்டையும் முதலில் இறுக்கச் சொல்ல வேண்டும். தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் தூக்கி வைப்பது நம் ஆட்களின் வழக்கம். பலமான காற்றில் அந்தக் கல்லே அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையில் விழும். அந்த வேலை வேண்டாம்.

தகரம் நன்றாக இருந்தாலும் அதைத் தாங்கும் சட்டம் உளுத்துப் போயிருந்தால் பயன் இல்லை. கரையான் மண் கோடு ஏறியிருக்கிறதா, விரலால் குத்தினால் மரம் பொடிகிறதா என்று பாருங்கள். உளுத்த சட்டத்தில் புதுத் தகரம் அடிப்பது, செத்த மாட்டுக்குப் புது மணி கட்டுவது போல. பட்டியலில் 'தகரம்' என்று மட்டும் எழுதாமல் 'சட்டமும் மாற்ற வேண்டும்' என்று சேர்த்து எழுதுங்கள்.

அஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள லயங்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அந்த ஓட்டை ரம்பத்தால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், காய்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத நார் நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயாகவும் புற்றுநோயாகவும் திரும்பி வரும். மேலே ஏறி நின்றால் பழைய ஓடு உடைந்து ஆளும் கீழே விழுவார். அது தொழில் தெரிந்தவர்கள் பாதுகாப்போடு செய்ய வேண்டிய வேலை, நிர்வாகத்தின் செலவில். உடைந்த துண்டுகளை அடுப்புக்கு முட்டுக் கொடுக்கவும் கோழிக் கூண்டு கட்டவும் எடுத்து வருவதை நிறுத்துங்கள்.

வீட்டைச் சுற்றி

கூரைத் தண்ணீர் வடியும் பீலியைப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் இலையுதிர்வு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் அதைக் குளிர்காலம் என்றே சொன்னார்கள். அப்போது விழுந்த இலை பீலியில் மட்கி, மண்ணாகி, செடி முளைத்து நிற்கும். நவம்பர் மழை வந்தால் தண்ணீர் போக வழி இல்லாமல் பின்னுக்குத் திரும்பிச் சுவருக்குள் இறங்கும். தேங்கி நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும், டிங்கி காய்ச்சல் வரும். பீலி சுத்தமாக இருந்தால் பாதி ஒழுகல் நின்றுவிடும்.

லயத்து முன்னால் ஓடும் லோங்கானில் பிளாஸ்டிக் பை, தேங்காய் மட்டை, பழைய சட்டை என்று நாம் போட்டதுதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது. லயத்து மக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டுப்பணி போட்டால் முடிகிற வேலை. ஆனால் இடிந்துபோன லோங்கானைக் கட்டுவதும், மேட்டு நிலத்துத் தண்ணீர் லயத்துக்குள் வராமல் வாய்க்கால் வெட்டுவதும் நிர்வாகத்தின் வேலை.

பலகைச் சுவராக இருந்தால் அடிப்பலகையைப் பாருங்கள். மண் மேடிட்டுப் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் ஏறும், கரையானும் ஏறும். மண்ணை வெட்டித் தள்ளுங்கள். அஞ்சடித் தூண் ஆடுகிறதா பாருங்கள். வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் மாங்கிளை, காய்ந்த தென்னை மட்டை, உள்ளே உளுத்த மரம் இவற்றையெல்லாம் பட்டியலில் சேருங்கள். மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மின்சார வாரியத்தின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமுன் மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள்.

நாமே போட்ட கொட்டகை

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் பேசுவோம். குடும்பம் பெருகியது, வீடு பெருகவில்லை. அதனால் பின்னால் ஒரு குசினி, பக்கத்தில் ஒரு கொட்டகை, முன்னால் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நிழல் என்று நம் மக்கள் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். காற்று வந்தால் முதலில் பறப்பது இதுதான். அது பறக்கும்போது மெயின் கூரைத் தகரத்தையும் பிடுங்கிக்கொண்டு போகிறது. 'நீங்க கட்டினதுக்கு நாங்க பொறுப்பில்ல' என்று சொல்ல நிர்வாகத்துக்கு அது நல்ல சாக்கு. அனுமதி இல்லாமல் வீட்டை நீட்டிக் கட்ட விடக் கூடாது என்ற பொறுப்பும் சட்டப்படி முதலாளிக்கு இருக்கிறது என்பதால் அந்தச் சாக்குக்குக் கொஞ்சம் பலமும் உண்டு.

இதற்கு நமது யோசனை இரண்டு. கொட்டகையின் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்த்து ஆணி அடிக்காதீர்கள். தனிக் கால் ஊன்றித் தனியாக நிறுத்துங்கள். அடுத்து, நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் மெயின் வீட்டுப் பழுதை மட்டும் தனியாகக் குறிப்பிடுங்கள். கொட்டகையைக் காட்டி வீட்டையும் கை கழுவ விடாதீர்கள்.

எழுத்தில் கேளுங்கள்

செய்ய வேண்டிய காரியம் கஷ்டமானது அல்ல. தோட்டக் கமிட்டியில் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், வீடு வீடாகப் போக வேண்டும். வீட்டில் என்னென்ன ஓட்டை என்பது பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், என்ன பழுது, எத்தனை நாளாக என்று எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். தேதி போட்டு மூன்று பிரதி. ஒன்று மானேஜருக்கு, ஒன்று சங்கக் கிளைக்கு, ஒன்று நம் கையில். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் அதே பட்டியல் லேபர் ஆபீசுக்குப் போகட்டும். பிறை முதல் ஜொகூர் பாரு வரை எந்த ஆபீசாக இருந்தாலும், தேதியும் படமும் உள்ள காகிதத்தை ஒதுக்குவது சுலபம் அல்ல.

லயத்தில் வங்காளதேசத் தோழர்கள், இந்தோனேசியத் தோழர்கள் இருந்தால் அவர்கள் அறையையும் பட்டியலில் சேருங்கள். 'அது அவனுக பாடு' என்று விட்டுவிடாதீர்கள். ஒரே முகட்டின் கீழ் இருக்கும் கூரை அது. அந்தப் பக்கம் ஓட்டை என்றால் சட்டம் உளுத்து இந்தப் பக்கமும் வரும். இருபது கையெழுத்தை விட நாற்பது கையெழுத்துக்குப் பலம் அதிகம்.

முதலாளியே இல்லாத லயங்கள்

கடைசியாக, மனத்தை உறுத்தும் விஷயம். தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. வேலை போய்விட்டது. ஆனால் போக இடம் இல்லாமல் பழைய லயத்திலேயே குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. இவர்களுக்குச் சட்டப்படி 'முதலாளி' யார்? வேலை கொடுப்பவர்தான் வீட்டைப் பழுது பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வேலையே இல்லாதவர் யாரைக் கேட்பார்? இவர்கள் கூரைதான் இன்றைக்கு மிக மோசமான கூரை.

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், 245 குடும்பங்கள், வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். 2023ல்தான் அவர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை அரசாங்கம் தொடங்கி வைத்தது. அதுவரை எத்தனை மழைக்காலம் கடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடாமல் கேட்டால் கிடைக்கும் என்பது அதில் உள்ள பாடம். கிடைக்கும் வரை கூரைக்கு யார் பொறுப்பு என்பது இன்னும் பதில் இல்லாத கேள்வி. புதிய நில உரிமையாளரோடு பேச்சு நடத்தும்போது, 'புது வீடு தரும் வரை பழைய கூரையைப் பழுது பார்த்துத் தர வேண்டும்' என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் யார் வந்தாலும் இந்தக் கோரிக்கையை முன்வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு அரிசி மூட்டையோடு வருகிறவர்களை நாம் வரவேற்கிறோம். வெள்ளம் வருமுன் தகரத்தோடு வருகிறவர்களை இன்னும் அதிகமாக வரவேற்போம்.

வெள்ளம் வந்து வெளியேற நேர்ந்தால் மையத்தில் முறையாகப் பெயர் பதிந்துகொள்ளுங்கள். 2021 வெள்ளத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசாங்கம் 1,000 வெள்ளி கொடுத்தது. இப்படிப்பட்ட உதவிக்குப் பதிவுதான் ஆதாரம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு இவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் வடிந்து திரும்பியதும் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். எலிக் காய்ச்சல் வருவது அந்தச் சேற்றிலிருந்துதான்.

தோட்டக் கமிட்டிகளுக்கு நமது வேண்டுகோள் இதுதான். அக்டோபர் மாதத்தைக் கூரை மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பார்வையிடுங்கள், இரண்டாம் வாரம் கடிதம் கொடுங்கள், மூன்றாம் வாரம் லோங்கானைக் கூட்டுப்பணியாகச் சுத்தம் செய்யுங்கள், நான்காம் வாரம் நிர்வாகம் என்ன செய்தது என்று கூட்டம் போட்டுக் கணக்குக் கேளுங்கள். மழை எவரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தகரம் மட்டும், கேட்காவிட்டால் வராது.